தசை கூட, கொழுப்பு குறைய எந்தப் பயிற்சிகளை எடுப்பது? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"அண்ணே, வயிறு குறைய எந்த மெஷின்?"

மார்த்தாண்டம் பக்கம் நான் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். வயிற்றை மட்டும் குறைக்கிற மெஷின் எங்கேயும் கிடையாது. வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுத் தசை வலுவாகும். அதன்மேல் படிந்த கொழுப்பு அதனால் மட்டும் கரையாது. கொழுப்பை உடம்பு எங்கிருந்து முதலில் எடுக்கும், எங்கே கடைசிவரை வைத்திருக்கும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும் முடிவு செய்கின்றன. நாம் முடிவு செய்யக்கூடியது இரண்டு: எதைத் தூக்குகிறோம், எதைச் சாப்பிடுகிறோம்.

எடைப் பயிற்சி தசையை வளர்க்கும். கொழுப்பைப் பெரும்பாலும் குறைப்பது சாப்பாடு. இரண்டையும் சேர்த்துச் செய்யும்போது பயிற்சிக்கு இன்னொரு பெரிய பொறுப்பு வருகிறது: குறைவாகச் சாப்பிடும் உடம்பு தன் தசையையே கரைத்துவிடாமல் காப்பது. பட்டினி கிடந்து எடை இறக்கியவர்களை ஊரில் பார்த்திருப்பீர்கள். கன்னம் ஒட்டிப்போயிருக்கும், தோள் சரிந்திருக்கும், வயிறு மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். போனது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான்.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

எடை பார்க்கும் மெஷினை மட்டும் நம்ப வேண்டாம். தெற்காசிய உடம்புகளுக்கு ஒரு தனிப்பட்ட சிக்கல் உண்டு. அதே உயரம், அதே எடையுள்ள ஐரோப்பியரைவிட நமக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருக்கும். அதிலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அதிகம். அதனால்தான் உடல் நிறைக் குறியீடு (BMI, எடையை உயரத்தோடு ஒப்பிடும் கணக்கு) 25 வரை பரவாயில்லை என்ற பொதுக் கணக்கு இந்தியர்களுக்கு 23 என்று இறக்கப்பட்டிருக்கிறது.

ஒரு தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கொழுப்பைக் குறைப்பதற்கு முதலிடம் கொடுங்கள். எண்ணைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இனி கூடவே இருக்கட்டும்.

ஒரே நேரத்தில் தசை கூடவும் கொழுப்பு குறையவும் முடியுமா? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு முடியும். கொழுப்பு அதிகம் உள்ளவர்களுக்கும், முன்பு பயிற்சி செய்து இடையில் விட்டவர்களுக்கும் முடியும். பல வருடம் முறையாகத் தூக்கி, ஏற்கெனவே இறுகிய உடம்பு உள்ளவருக்கு இரண்டும் சேர்ந்து நடப்பது மிக மெதுவாக இருக்கும். அவர் ஏதாவது ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. படிக்கிற பெரும்பாலோர் முதல் கூட்டத்தில்தான் இருப்பீர்கள். உங்களுக்கு இது நல்ல காலம்.

நெஞ்சுவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயிற்சி சர்க்கரையை இறக்கும். மருந்தின் அளவை மருத்துவர் மாற்ற வேண்டி வரலாம்.

ஒரு பயிற்சி நமக்கு ஏற்றதா என்று பார்ப்பது எப்படி

யாராவது ஒரு புதிய பயிற்சியைக் காட்டினால் அதனிடம் நான்கு கேள்வி கேளுங்கள். பெரிய தசைகள் பல சேர்ந்து வேலை செய்கின்றனவா? மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்ட வழி இருக்கிறதா? களைத்து நிற்கும்போது நிற்பது தசையாலா, இல்லை தடுமாற்றத்தாலா? மறுநாள் தசை வலிக்கிறதா, மூட்டு வலிக்கிறதா?

மூன்றாவது கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. காற்றடைத்த பந்தின்மேல் நின்றுகொண்டு டம்பெல் தூக்குவது பார்க்கக் கடினமாக இருக்கும். ஆனால் அங்கே முதலில் தோற்பது சமநிலை. தசைக்கு முழு வேலை கிடைப்பதற்குள் இறங்கிவிடுவோம். வளர்ச்சிக்குத் தரை உறுதியாக இருக்க வேண்டும்.

நான்காவது கேள்வியை நான் பட்டுத்தான் கற்றேன். 22 வயதில் ஒரு ஜிம்மில் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இறக்கித் தூக்கும் பிரஸ் செய்யச் சொன்னார்கள். தோள் குத்தியது. "குத்தினாத்தான் வளரும் மக்கா" என்றார் அங்கிருந்தவர். நம்பினேன். 7 மாதம் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் கிடந்தேன். அந்த அசைவு சிலருக்கு ஒத்துவரும், என் தோளுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். தசையில் வரும் எரிச்சலும் மறுநாள் வரும் பிடிப்பும் இயல்பானவை. மூட்டுக்குள் ஊசி குத்துவதுபோல வந்தால் அந்தப் பயிற்சியை அன்றே மாற்றுங்கள். எந்த ஒரு பயிற்சியும் கட்டாயம் இல்லை. கட்டாயம் என்று சொன்னால் அசைவுகளைத்தான் சொல்ல வேண்டும்.

ஆறு அசைவுகள்

குந்துவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, ஒற்றைக்காலில் உழைப்பது, சுமந்து நடப்பது. ஜிம்மில் காணும் நூற்றுக்கணக்கான பயிற்சிகளில் பெரும்பாலானவை இந்த ஆறில் ஒன்றுக்குள் அடங்கும். ஒவ்வொன்றிலிருந்தும் உங்களுக்கு ஒத்துவரும் ஒன்றை எடுத்தால் போதும்.

குந்துதல் என்பது ஸ்குவாட். பழைய பெயர் பஸ்கி. நம் மாவட்டத்து அடிமுறைக் களரியில் ஆசான்மார் காலைத்தான் முதலில் பதப்படுத்துவார்கள். சுவடு, அதாவது கால் வைத்து நிற்கும் நிலை, தாழ்ந்து உறுதியாக நிற்காமல் கை பேசாது. புதியவர்கள் ஒரு டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக் குந்துவதில் தொடங்குங்கள். பாதம் தோள் அகலம், விரல்கள் சற்று வெளிநோக்கி, குதிகால் தரையில். முட்டி விரல் போகும் திசையிலேயே போக வேண்டும். உள்ளே சாயக் கூடாது. முட்டி கால்விரலைத் தாண்டினால் கெடுதல் என்று சொல்வதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். நீண்ட தொடையுள்ளவர்களுக்கு அது தாண்டத்தான் செய்யும். முதுகு வளையாமல் எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு. குதிகால் தூக்கினால் அடியில் ஒரு சிறு பலகை வைத்துப் பாருங்கள். முட்டி தேய்ந்த பெரியவர்கள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம்; அதுவும் இதே அசைவுதான்.

குனிந்து தூக்குவதைப் பற்றி நம் ஊரில் பயம் அதிகம். நடுவு (கீழ்முதுகு) தட்டிவிடும் என்பார்கள். உண்மையில் நடுவைக் காப்பதற்கே இதைக் கற்க வேண்டும், ஏனென்றால் கேஸ் சிலிண்டரை நாம் எப்படியும் தூக்கத்தான் போகிறோம். 14.2 கிலோ வாயுவோடு இரும்பின் எடையும் சேர்ந்து அது கிட்டத்தட்ட 30 கிலோ. கற்கச் சிறந்த வழி ரோமானியன் டெட்லிஃப்ட். நின்றபடி கையில் எடையோடு, முட்டியைச் சற்று மட்டும் தளர்த்தி, பின்புறக் கதவை இடுப்பால் தள்ளி மூடுவதுபோல இடுப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். எடை தொடையை உரசியே இறங்க வேண்டும். தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் நின்று, இடுப்பை முன்னே கொண்டுவந்து எழுங்கள். கீழ்முதுகில் பிடித்தால் எடை உடம்பைவிட்டு விலகியிருக்கிறது என்று அர்த்தம்.

பொங்கல் நேரத்தில் தெற்கு மாவட்டங்களில் இளவட்டக்கல் தூக்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? தேர்ந்தவர் கல்லை முதலில் தொடைமேல் ஏற்றி, மார்போடு அணைத்து, பிறகுதான் தோளுக்குக் கொண்டுபோவார். எடை எப்போதும் உடம்போடு ஒட்டியே இருக்கும். டெட்லிஃப்டின் பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

தள்ளுவதில் இரண்டு வகை: முன்னே தள்ளுவது, தலைக்கு மேலே தள்ளுவது. தண்டால் எடுக்க முடியாதவர்கள் சுவரிலோ திண்ணை விளிம்பிலோ கை ஊன்றித் தொடங்கி, வாரா வாரம் உயரத்தைக் குறையுங்கள். 20 தண்டால் சுத்தமாக எடுக்க முடிந்தால் பென்ச்சில் மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளும் பென்ச் பிரஸ்ஸுக்கோ முதுகில் பையோடு தண்டாலுக்கோ மாறலாம்.

இழுப்பதைத்தான் வீட்டில் பயிற்சி செய்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். தண்டால் மட்டும் எடுத்துத் தோள் முன்னால் மடிந்தவர்களை நிறையப் பார்க்கிறேன். ஜிம்மில் கம்பியை மேலிருந்து நெஞ்சுக்கு இழுக்கும் லேட் புல்டவுனும், எடையை முன்னாலிருந்து வயிற்றை நோக்கி இழுக்கும் ரோயிங்கும் இருக்கும். வீட்டில் என்றால், தடித்த மீன்பிடிக் கயிற்றை உறுதியான உத்திரத்தில் கட்டி, பின்னால் சாய்ந்து நெஞ்சைக் கைக்குக் கொண்டுவாருங்கள். பலா மரத்துக் கிளையில் தொங்கலாம். முருங்கை வேண்டாம், முறிந்துவிடும்.

ஒற்றைக்காலுக்கு, ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்துக் குந்தும் ஸ்ப்ளிட் ஸ்குவாட் அல்லது திண்ணைப் படியில் ஏறி இறங்குவது. சுமந்து நடப்பதற்கு இரண்டு வாளித் தண்ணீர் போதும். நிமிர்ந்து 30, 40 மீட்டர் நடந்தால் பிடி, தோள், வயிறு மூன்றும் வேலை செய்யும். கைக்கும் கெண்டைக்காலுக்கும் தனிப் பயிற்சி வேண்டுமென்றால் கடைசியில் இரண்டு செட் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று ஒரு செட்) சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தொழில் எதை விட்டுவைத்திருக்கிறது?

நான் இதற்கு அதிக நேரம் எடுப்பேன். ஒரே அட்டவணையை எல்லாருக்கும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்க உடம்பு எதைச் செய்கிறதோ அது ஏற்கெனவே களைத்திருக்கிறது. எதைச் செய்யவில்லையோ அது காய்ந்து கிடக்கிறது.

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் வெட்டுகிறவர்கள் விடியுமுன் கிளம்புகிறார்கள். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். 300 மரங்களுக்கு மேல் சுற்றி, குனிந்து, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து வருகிறவரிடம் காலையில் டிரெட்மில்லில் ஓடுங்கள் என்று சொல்வது அநியாயம். அவர் நடை முடிந்துவிட்டது. அவருக்கு வேண்டியது மதியத் தூக்கத்துக்குப் பிறகு சாயங்காலம் 40 நிமிடம்: தலைக்கு மேல் தள்ளுவது, இழுப்பது, நெஞ்சோடு எடை பிடித்த ஸ்குவாட். குனியும் பயிற்சியை வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்தலாம்.

கடலுக்குப் போகிறவர்கள் கயிறும் வலையும் இழுத்து இழுத்து முதுகும் முன்கையும் இரும்பாக இருப்பார்கள். அவர்களுக்குத் தள்ளும் பயிற்சியும் தொடைப் பயிற்சியும் முக்கியம். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒரு முறை போனால் திரும்ப வாரக்கணக்காகும். படகில் தண்டாலும் பஸ்கியும் வாரம் இரண்டு தடவை எடுத்தாலே வளர்த்த தசை பெருமளவு நிற்கும். வளர்ப்பதைக் கரையில் வைத்துக்கொள்ளலாம். விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம் வருகிறதே, மேற்குக் கரையில் ஜூன், ஜூலை; கிழக்குக் கரையில் ஏப்ரல் நடுவிலிருந்து. அந்த எட்டு வாரத்தைப் போலப் பயிற்சிக்கு வாய்ப்பான காலம் வேறு கிடையாது. உழைப்பு நின்று சாப்பாடு நிற்காமல் வயிறு வைப்பதும் அந்தக் காலத்தில்தான்.

முந்திரி ஆலையில் வேலை பார்க்கும் அக்காமாருக்கு நாள் முழுக்க ஒரே இருப்பு. கழுத்து முன்னால், தோள் முன்னால், பிட்டத் தசை உறங்கிப்போயிருக்கும். அவர்கள் முதலில் எடுக்க வேண்டியது மல்லாந்து சாய்ந்து இடுப்பை மேலே தூக்கும் ஹிப் த்ரஸ்ட், அடுத்து ரோயிங், அடுத்து சுமந்து நடப்பது. "எடை தூக்கினா ஆம்பிளை மாதிரி ஆயிருவேனா?" என்று தயங்கிக் கேட்பார்கள். ஆக மாட்டீர்கள். அந்த அளவு தசைக்குத் தேவையான டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடம்பில் மிகக் குறைவு. கிடைக்கப்போவது இறுகிய தொடை, வலி குறைந்த நடுவு, மாதவிடாய் நின்றபின் எளிதில் தேய்ந்துபோகாத எலும்பு.

வங்கி, பள்ளி, கணினி வேலைக்காரர்களும் வளைகுடாவிலிருந்து திரும்பி வீட்டோடு இருப்பவர்களும் ஆறு அசைவையும் சமமாக எடுக்கலாம். இவர்களுக்கு நடையும் வேண்டும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. மழை என்று நடையை நிறுத்தினால் வருடத்தில் பாதி போய்விடும். வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் வரும்.

வாரத் திட்டம்

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. திங்கள் அ, புதன் ஆ, வெள்ளி அ. அடுத்த வாரம் ஆ, அ, ஆ.

அ நாள்: ஸ்குவாட், பென்ச் பிரஸ் அல்லது தண்டால், ரோயிங் ஒவ்வொன்றும் 3 செட், ஹிப் த்ரஸ்ட் 2 செட், பிளாங்க் (முன்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராகப் பிடிப்பது) 2 தடவை.

ஆ நாள்: ரோமானியன் டெட்லிஃப்ட், தலைக்கு மேல் பிரஸ், லேட் புல்டவுன் ஒவ்வொன்றும் 3 செட், ஸ்ப்ளிட் ஸ்குவாட் காலுக்கு 2 செட், சுமந்து நடப்பது 3 தடவை.

ஒரு செட்டில் 8 முதல் 12 ரெப், அதாவது அத்தனை தடவை தூக்கி இறக்குவது. வீட்டில் எடை குறைவாக இருந்தால் 20, 25 வரை போகலாம்; தசை களைக்கும்வரை போனால் வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை. கனமான பயிற்சிகளுக்கு இடையில் 2, 3 நிமிடம் உட்காருங்கள். மூச்சிரைக்க அடுத்தடுத்துச் செய்தால் வியர்வை கூடும், தூக்கும் எடை குறையும். நமக்கு எடைதான் வேண்டும். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது விடுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

எவ்வளவு கடினமாக? செட் முடியும்போது இன்னும் ஒன்றிரண்டு ரெப் சுத்தமாக எடுக்கலாம் என்ற நிலை. இன்னும் பத்து எடுக்கலாம் என்றால் அந்த செட் வெறும் சூடேற்றல்தான்.

எடை கூட்டும் முறையை நோட்டில் எழுதி வைத்துச் செய்யுங்கள். 20 கிலோவில் 8, 8, 8 என்று தொடங்கினீர்கள். அடுத்த முறை 9, 9, 8. மூன்று செட்டிலும் 12 வந்த அன்றைக்கு அடுத்து 22.5 கிலோ, மறுபடி 8-இலிருந்து. வீட்டில் இருப்பவர்கள் பழைய பள்ளிப் பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம், ஒன்று ஒரு கிலோ. வாரா வாரம் பயிற்சியையே மாற்றினால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். வலி இல்லாதவரை அதே பயிற்சிகளை 12 வாரமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

கொழுப்பு குறைய வேண்டியவர் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதைவிட 300 முதல் 500 கலோரி குறைவாகச் சாப்பிட வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் இறங்கினால் சரியான வேகம். அதைவிட வேகமானால் தசையும் சேர்ந்து போகும். புரதம், கிலோ எடைக்கு 1.6 கிராம். மிகவும் பருத்தவர்கள் தங்கள் உயரத்துக்கு ஏற்ற எடையை வைத்துக் கணக்கிடலாம். சிறுநீரக நோய் இருப்பவர்கள் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது.

75 கிலோ உள்ளவருக்கு 120 கிராம். பவுடர் இல்லாமல் நம் அடுக்களையிலேயே வரும். காலையில் ஒரு சிறு குற்றிப் புட்டு, உலர்ந்த எடையில் 50 கிராம் சிறுபயறு வேகவைத்தது, 3 முட்டை: சுமார் 34 கிராம். மதியம் 75 கிராம் அரிசியில் வடித்த சோறு, 150 கிராம் சாளையோ சூரையோ, மோர்: 38. சாயங்காலம் 40 கிராம் கொண்டைக்கடலை, ஒரு கிளாஸ் பால்: 14. இரவு இரண்டு சப்பாத்தி, 120 கிராம் கோழி: 33. கணக்கு முடிந்தது.

மரச்சீனிக் கிழங்கைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கிழங்கும் மீன்கறியும் இல்லாத குமரிச் சாப்பாடு ஏது? கிழங்கு கெட்டதல்ல, ஆனால் 100 கிராமில் புரதம் 1, 2 கிராம்தான், மிச்சமெல்லாம் மாவுச்சத்து. தட்டில் கிழங்கு மலைபோலவும் சாளை இரண்டாகவும் இருந்ததைத் திருப்புங்கள்: சாளை ஆறு, கிழங்கு ஒரு கைப்பிடி. சோற்றோடு கிழங்கும் வேண்டாம், ஏதாவது ஒன்று. தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. அதனால் பொரித்த மீனைவிடக் கறி வைத்த மீன், அதிலும் தேங்காய் குறைத்து அரைத்த கறி. ஏத்தங்காய் சிப்ஸ் 100 கிராம் 500 கலோரிக்கு மேல்; டிவி முன்னால் ஒரு பொட்டலம் முடிந்தால் அன்றைய குறைப்பு முழுவதும் அங்கேயே போய்விட்டது. பயிற்சிக்கு முன் பசித்தால் ஒரு மட்டிப்பழம் சாப்பிடுங்கள்.

ஒரு நாளைக்கு 7 மணி நேரத் தூக்கம் இல்லாமல் இதில் எதுவும் முழுப் பலன் தராது. விடியுமுன் எழும் வேலைக்காரர்கள் மதியத் தூக்கத்தையும் சேர்த்து அந்தக் கணக்கை நிறைக்கலாம்.

நோட்டைப் படிப்பது எப்படி

வாரத்தில் 3 நாள் காலையில், கழிவறை போய்வந்தபின், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மூன்றின் சராசரியை எழுதுங்கள். இடுப்பளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

எடை அசையவில்லை, இடுப்பு குறைகிறது, தூக்கும் எடை கூடுகிறது என்றால் தசை ஏறிக் கொழுப்பு இறங்குகிறது, எதையும் மாற்றாதீர்கள். எடையும் இடுப்பும் மூன்று வாரமாக அப்படியே இருந்தால் சோற்றில் ஒரு கரண்டியும் எண்ணெயில் ஒரு கரண்டியும் குறையுங்கள். எடை வேகமாக இறங்கி, தூக்கும் எடையும் இறங்கினால் அதிகமாகக் குறைத்துவிட்டீர்கள். புரதத்தோடு கொஞ்சம் சோற்றையும் திரும்பச் சேருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு வாரமாக உடம்பு கனமாக, தூக்கம் கெட்டு இருந்தால், ஒரு வாரம் எல்லாச் செட்டையும் பாதியாக்குங்கள்.

காய்ச்சலோ திருவிழாவோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்து எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து முதல் நாளைத் தொடங்குங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் பழைய எடை கைக்கு வந்துவிடும்.